டிஸ்க் கோல்ஃபில் 'பார்' என்ற கணக்கு தேவையா?

தேவை என்பதுதான் என் பதில்.

டிஸ்க் கோல்ஃபில் பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. தேர்ந்த ஆட்டக்காரர் சாதாரண வானிலையில் பிழையில்லாமல் ஆடினால் ஒரு கூடைக்கு எத்தனை வீச்சு ஆகுமோ, அதுதான் பார்.

மொத்த வீச்சு குறைந்தவருக்கே வெற்றி. அப்படியிருக்க பார் எதற்கு?

ஒரே தடத்தில் வேறுவேறு நேரத்தில் கிளம்பிய இரண்டு பேருந்துகளில் எது நன்றாக ஓடுகிறது என்று கேட்டால், கால அட்டவணையோடு ஒப்பிட்டுத்தானே சொல்வோம்? ஆட்டத்திலும் அப்படித்தான். ஒருவர் 7 கூடை முடித்து 19 வீச்சு, இன்னொருவர் 12 கூடை முடித்து 34 வீச்சு. எல்லாமே பார் 3 என்றால் இருவரும் 2 குறைவு, அதாவது சமநிலை. வெறும் எண்ணிக்கையில் இது தெரியவே தெரியாது. தாமதமாக வந்து ஒரு கூடையைத் தவறவிட்டவருக்குத் தண்டனையாக எழுதுவதும் பாருடன் 4 சேர்த்துத்தான்.

2018-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் டிஸ்க் கோல்ஃப் வீரர் பால் மெக்பெத் ஒரே சுற்றில் பாரைவிட 18 குறைவாக ஆடினார். பார் இல்லாவிட்டால் அந்தச் சாதனையை எப்படிச் சொல்வது? சில ஆடுதளங்களில் பாரைத் தாராளமாக, கூடுதலாக வைத்துவிடுகிறார்கள் என்பது உண்மை; அங்கே எண்ணைத்தான் திருத்த வேண்டும்.

பார் என்பது சராசரி ஆட்டக்காரர் எடுக்கும் எண்ணிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். அது தேர்ந்தவருக்கான அளவு, புதியவருக்கு அதைவிடக் கூடுதல் வீச்சு ஆவது இயல்பே.