ஸ்டோர்டு புரொசீஜர் லூப்பில் இடைவேளை விடுவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு வைல் லூப் ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் 5 நொடி நிற்க வேண்டும். என்ன கட்டளை?

வெயிட்ஃபார் டிலே. அதன் பக்கத்தில் ஒற்றை மேற்கோள் குறிக்குள் மணி, நிமிடம், நொடி என்ற வரிசையில் '00:00:05' என்று கொடுங்கள். கால் நொடி போதும் என்றால் '00:00:00.250'. நேரத்தை ஒரு வேரியபிளில் வைத்தும் கொடுக்கலாம். அவசரத்தில் '00:05' என்று அடித்துவிட்டால் அது 5 நொடி இல்லை, 5 நிமிடம். புரொசீஜர் (சர்வரிலேயே சேமித்து வைத்து ஓட்டும் கட்டளைத் தொகுப்பு) தொங்கிவிட்டது என்று புலம்பி வருகிறவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். அதிகபட்சம் 24 மணி நேரம். யூசர் டிஃபைன்டு ஃபங்ஷனுக்குள் இது வேலை செய்யாது, புரொசீஜரில்தான் வைக்க வேண்டும்.

கேள்வி: மற்ற டேட்டாபேஸ்களில்?

மைஎஸ்க்யூஎல்லில் டூ ஸ்லீப்(5). செலக்ட் ஸ்லீப்(5) என்று எழுதினாலும் நிற்கும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ரிசல்ட் செட் கிளையன்ட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதையே ஒரு டேபிளின் மேல் எழுதினால் வரிசைக்கு ஒரு முறை தூங்கும்: ஆயிரம் வரிசை, ஐயாயிரம் நொடி. போஸ்ட்கிரெஸ்ஸில் பெர்ஃபார்ம் பிஜி_ஸ்லீப்(5). ஆரக்கிளில் 18சி முதல் டிபிஎம்எஸ்_செஷன்.ஸ்லீப் இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் டிபிஎம்எஸ்_லாக்.ஸ்லீப்தான், அதற்கு டிபிஏவிடம் (டேட்டாபேஸ் நிர்வாகி) எக்ஸிக்யூட் அனுமதி கேட்டு வாங்க வேண்டும். அனுமதி கிடைக்கவில்லை என்று, கடிகாரத்தைப் பார்த்தபடி வெறும் லூப்பைச் சுற்றவிடுகிறவர்களும் உண்டு. அது தூக்கம் இல்லை, சிபியுவைத் தின்கிற வேலை. தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: 50 லட்சம் பழைய வரிசைகளை 10,000 வீதம் அழிக்கிறேன், எஸ்க்யூஎல் சர்வர்தான். நடுவில் 2 நொடி இடைவேளையும் விடுகிறேன். அப்படியும் அப்ளிகேஷன் உறைந்துபோகிறது. லூப்புக்கு மேலே பிகின் டிரான்சாக்ஷன், லூப் முடிந்த பிறகு கமிட். எங்கே தவறு சார்?

கமிட் இருக்கும் இடத்தில். டிரான்சாக்ஷன் என்பது ஒரே மூட்டையாக நிற்கும் மாற்றங்கள், கமிட் அந்த மூட்டையை முடித்துப் பதிவது. இடைவேளை விடுவதே மற்றவர்களுக்கு வழிவிடத்தான். நீங்கள் லாக்குகளை (lock, வரிசைகளின் மேல் போட்ட பூட்டு) எல்லாம் கையில் பிடித்துக்கொண்டே தூங்குகிறீர்கள். டிரான்சாக்ஷன் முடியும்வரை அவை விடுபடாது. ஆக, நீங்கள் விட்ட ஒவ்வொரு 2 நொடியும் மற்றவர்களின் காத்திருப்பைத்தான் நீட்டியிருக்கிறது. இடைவேளையே இல்லாமல் ஓட்டியிருந்தால்கூட சீக்கிரம் விட்டிருப்பீர்கள்! மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக் ஃபைல் (log) வீங்குவதற்கும் இதுவே காரணம். திறந்திருக்கும் டிரான்சாக்ஷனுக்குப் பின்னால் இருக்கும் ஃபைல் பகுதியை சர்வரால் மறுபடி பயன்படுத்த முடியாது.

பிகின் டிரான்சாக்ஷனையும் கமிட்டையும் லூப்புக்குள் கொண்டுவாருங்கள், கமிட் வெயிட்ஃபாருக்கு முன்னால் இருக்கட்டும். அப்படிச் செய்ததும் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. லூப் முடிந்ததா என்று பார்க்க @@ரோகவுன்ட் (கடைசிக் கட்டளை தொட்ட வரிசைகளின் எண்ணிக்கை) பயன்படுத்துவீர்கள். கமிட் அதைப் பூஜ்யமாக்கிவிடும். முதல் சுற்றிலேயே "அழிக்க ஒன்றும் இல்லை" என்று லூப் வெளியேறிவிடும், நீங்களும் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வீர்கள். அதனால் கட்டளைகளின் வரிசை இப்படி இருக்கட்டும்: பிகின் டிரான்சாக்ஷன், டெலீட், உடனே அடுத்த வரியில் எண்ணிக்கையை உங்கள் வேரியபிளில் எடுத்து வைப்பது, கமிட், அப்புறம் தூக்கம்.

10,000 என்ற அளவையும் குறையுங்கள். ஒரே ஸ்டேட்மென்ட் ஒரு டேபிளில் சுமார் 5,000 லாக் பிடித்தாலே சர்வர் அதை முழு டேபிள் லாக்காக உயர்த்தப் பார்க்கும். நான் 2,000-இல் தொடங்கச் சொல்வேன். கடைசியாக, இந்த புரொசீஜரை அப்ளிகேஷன் தன் சொந்த டிரான்சாக்ஷனுக்குள் வைத்து அழைக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் உள்ளே போடும் கமிட் @@ட்ரான்கவுன்ட்டில் (திறந்திருக்கும் டிரான்சாக்ஷன் எண்ணிக்கை) ஒன்றைக் குறைக்குமே தவிர, எதையும் விடுவிக்காது.

கேள்வி: அதையே போஸ்ட்கிரெஸ்ஸில் செய்தேன். லூப்புக்குள் கமிட் போட்டால் பிழை வருகிறது.

ஃபங்ஷனாக எழுதியிருப்பீர்கள். ஃபங்ஷனுக்குள் கமிட் முடியாது. பதிப்பு 11-இல் வந்த புரொசீஜராக மாற்றி, கால் கட்டளையால் அழையுங்கள். அழைக்கும்போது வெளியே பிகின் எதுவும் திறந்திருக்கக் கூடாது. எக்ஸெப்ஷன் பகுதி உள்ள பிளாக்குக்குள்ளும் கமிட் போட முடியாது. கமிட் இல்லாமல் மணிக்கணக்கில் தூங்கினால், அந்த நேரம் முழுக்க போஸ்ட்கிரெஸ்ஸின் துப்புரவு வேலையான வாக்யூம் செத்த வரிசைகளைச் சுத்தம் செய்ய முடியாமல் நிற்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: மைஎஸ்க்யூஎல். இன்னொரு செஷன் ஒரு டேபிளில் 'முடிந்தது' என்று எழுதும்வரை நொடிக்கு ஒரு முறை பார்க்கிறேன். அது எழுதிவிட்டது, வேறு விண்டோவில் தெரிகிறது. என் லூப்புக்கு மட்டும் தெரியவே இல்லை!

ஆட்டோகமிட்டை (ஒவ்வொரு கட்டளையும் தானாகவே கமிட் ஆவது) அணைத்திருக்கிறீர்கள், அல்லது மேலே ஸ்டார்ட் டிரான்சாக்ஷன் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லின் ஸ்டோரேஜ் எஞ்சினான இன்னோடிபியின் இயல்பான நிலை ரிப்பீட்டபிள் ரீட். முதல் செலக்ட்டில் எடுத்த ஸ்னாப்ஷாட்டையேதான் கடைசிவரை பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நாளை வரை காத்திருந்தாலும் பழைய படம்தான். ஒவ்வொரு சுற்றிலும் கமிட் செய்யுங்கள், இல்லையென்றால் ரீட் கமிட்டட் நிலைக்கு மாற்றுங்கள். "இத்தனை சுற்றுக்கு மேல் காத்திருக்காதே" என்று ஒரு வரம்பும் வையுங்கள், எழுத வேண்டிய செஷன் செத்துப்போயிருக்கலாம்.

போஸ்ட்கிரெஸ்காரர்கள் அந்த வரம்பை நவ்() வைத்துக் கணக்கிட்டால் வேறு விதமாக மாட்டுவார்கள். அது டிரான்சாக்ஷன் தொடங்கிய நேரத்தையே திரும்பத் திரும்பச் சொல்லும். கிளாக்_டைம்ஸ்டாம்ப்()தான் நகரும் கடிகாரம்.

கேள்வி: லூப்பில் பிரின்ட் போட்டால் எல்லாம் கடைசியில் மொத்தமாக வருகிறதே அண்ணா?

எஸ்க்யூஎல் சர்வர் அதைத் தேக்கிவைத்து அனுப்பும். ரெய்ஸ்எரர், சிவியாரிட்டி 0, வித் நோவெயிட் என்று எழுதுங்கள், உடனே வரும். போஸ்ட்கிரெஸ்ஸில் ரெய்ஸ் நோட்டீஸ் போதும்.

கேள்வி: டெட்லாக் வந்தால் சற்று நின்று மறுபடி முயல வேண்டும். எவ்வளவு நேரம் நிற்பது?

டெட்லாக் என்றால் இரண்டு செஷன்கள் ஒன்றின் லாக்குக்காக மற்றொன்று காத்து முட்டிக்கொள்வது. முதலில் ரோல்பேக் (செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவது), பிறகுதான் தூக்கம். நேரம் ரேண்டமாக இருக்கட்டும். மோதிய இரண்டு செஷனும் சரியாக ஒரு நொடி நின்றால், ஒரு நொடி கழித்து மறுபடி மோதும். ஒவ்வொரு தோல்விக்கும் அளவை இரட்டிப்பாக்குங்கள். மூன்று நான்கு முறைக்கு மேல் போனால் பிழையை மேலே அனுப்பிவிடுங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் பிழை எண் 1205-க்கு மட்டும் இதைச் செய்யுங்கள், கண்ட பிழைக்கெல்லாம் வேண்டாம்.

கேள்வி: வெப் பக்கத்திலிருந்து அழைத்தால் டைம்அவுட் ஆகிறது.

ஆகத்தான் செய்யும். டாட்நெட் அப்ளிகேஷன்கள் டேட்டாபேஸோடு பேசும் ஏடிஓ.நெட்டில் கமாண்ட் டைம்அவுட் இயல்பாக 30 நொடி. அதைக் கூட்டுவது தீர்வு இல்லை. தூங்கும் புரொசீஜரும் ஒரு கனெக்ஷனைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, கனெக்ஷன்களைத் தேக்கிவைக்கும் பூலில் இயல்பான அதிகபட்சமே 100. வெப் கோரிக்கையில் வேலையை ஒரு டேபிளில் பதிந்துவிட்டுத் திரும்புங்கள். பின்னணியில் வேறொன்று எடுத்துச் செய்யட்டும்.

கேள்வி: 10 நிமிடத்துக்கு ஒரு முறை ஓட, முடிவில்லா லூப்பில் ஸ்லீப் வைக்கலாமா?

வேண்டாம். சர்வர் ஒரு முறை ரீஸ்டார்ட் ஆனால் லூப் போய்விடும், யாருக்கும் தெரியாது. எஸ்க்யூஎல் சர்வர் ஏஜென்ட், டிபிஎம்எஸ்_ஷெட்யூலர், மைஎஸ்க்யூஎல் ஈவன்ட் ஷெட்யூலர், பிஜி_க்ரான் எல்லாம் இதற்காகவே இருக்கின்றன.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும் லூப்பைப் பாதியில் எப்படி நிறுத்துவது?

எஸ்க்யூஎல் சர்வரிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் கில் இருக்கிறது, போஸ்ட்கிரெஸ்ஸில் பிஜி_கேன்சல்_பேக்எண்ட். கமிட் ஆன சுற்றுகள் அப்படியே நிற்கும், நடப்புச் சுற்று மட்டும் ரோல்பேக் ஆகும். எனக்குப் பிடித்த வழி வேறு. ஒரே வரிசை உள்ள ஒரு கட்டுப்பாட்டு டேபிள் வைத்து, ஒவ்வொரு தூக்கத்துக்குப் பிறகும் அதைப் படிக்கச் செய்யுங்கள். 'நிறுத்து' என்றிருந்தால் ஒழுங்காக வெளியேறட்டும். இடைவேளையின் நீளத்தையும் அதே வரிசையில் வைத்துவிட்டால், பகலில் மெதுவாகவும் இரவில் வேகமாகவும் ஓட்டலாம், புரொசீஜரைத் தொடவே வேண்டாம்.