பழைய மருந்துதானே, குழந்தைக்கு அதை ஏன் ட்ரையல்ல குடுக்கணும்?

கேள்வி: எங்க குழந்தை 27 வாரத்துல பிறந்து என்ஐசியுல (பச்சிளங்குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கு. பிபிடின்னு ஒரு நுரையீரல் பாதிப்பு வராம தடுக்க ஒரு மருந்தை ட்ரையல் பண்றோம், சேர்க்கட்டுமான்னு டாக்டர் கேக்கறாங்க. வருஷக்கணக்கா புழக்கத்துல இருக்கிற மருந்துதானாம். அப்புறம் எதுக்கு சோதனை, கையெழுத்து போடலாமா?

பதில்: பழைய மருந்துன்னா பெரியவங்க உடம்புல அது என்ன பண்ணும்னு தெரியும், அவ்வளவுதாங்க. 1 கிலோ பக்கத்துல இருக்கிற குழந்தைக்கு கல்லீரலும் கிட்னியும் இன்னும் முழுசா தயாராகல, மருந்து உடம்பை விட்டுப் போகவே ரொம்ப நேரம் ஆகும், அதனால டோஸ்ல இருந்து எல்லாத்தையும் புதுசா பார்க்கணும்.

டெக்ஸாமெதசோன்ங்கற ஸ்டீராய்டு மருந்தை எடுத்துக்கோங்க. வென்டிலேட்டர்ல இருந்து சீக்கிரம் எடுக்க முடியுதுன்னு 1990கள்ல தாராளமா குடுத்தாங்க, அப்புறம் குழந்தைங்க வளர்ந்தப்போ பார்த்தா, பிறந்த முதல் வாரத்துலயே அந்த மருந்து குடுக்கப்பட்ட குழந்தைங்களுக்கு செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால கை கால் அசைவு சரியா வராத நிலை) அதிகமா இருந்துச்சு. எனக்கு இன்னைக்கும் மனசு கனக்கிற விஷயம் இது. அஸித்ரோமைசின்ங்கற ஆன்டிபயாடிக்மேல எல்லாரும் நம்பிக்கை வெச்சிருந்தோம், பிரிட்டன்ல கிட்டத்தட்ட 800 குழந்தைங்க சேர்ந்த ட்ரையல் ரிசல்ட் 2024ல வந்துச்சு, பிபிடி குறையல. ஆனா காஃபின் ஜெயிச்சுது. மூச்சு நின்னு நின்னு வர்ற குழந்தைங்களுக்கு ரொம்ப நாளா குடுத்துட்டிருந்த மருந்துதான், 2006ல வந்த பெரிய ட்ரையல்ல, கர்ப்பக் கணக்குப்படி 36 வாரம் வந்த அப்புறமும் ஆக்சிஜன் தேவைப்பட்டவங்க காஃபின் பக்கம் 36%, காஃபின் குடுக்காத பக்கம் 47%.

நம்ம குழந்தைக்கு ப்ளாசிபோ, அதாவது மருந்தே இல்லாத டம்மி, விழுந்துட்டா குழந்தையை சும்மா விட்டுடுவாங்களோன்னு பயப்படாதீங்க, சர்ஃபாக்டன்ட் (நுரையீரல் விரிய உதவுற மருந்து), காஃபின், சிபாப் (மூக்கு வழியா காத்தழுத்தம் குடுத்து மூச்சுக்கு உதவுறது)னு அதுக்குத் தேவையான வழக்கமான வைத்தியம் எல்லாம் அப்படியே நடக்கணும். அது நடக்கும்தானேன்னு வாய்விட்டுக் கேளுங்க. அதைவிட முக்கியமா, 2 வயசு வரைக்குமாவது மூளை வளர்ச்சியை ஃபாலோ பண்ணுவீங்களான்னு கேளுங்க, ஏன்னா நுரையீரலை மட்டும் பார்த்துட்டு முடிச்சுக்கற ட்ரையல்னா நானா இருந்தா தயங்குவேன். நடுவுல ரிசல்ட்டைப் பார்த்து நிறுத்தச் சொல்ற தனி குழு இருக்கான்னும் தெரிஞ்சுக்கோங்க. இதெல்லாம் சரியா இருந்தா என் ஓட்டு சேர்றதுக்குத்தான்.

இந்த மாதிரி மருந்தைப் பல ட்ரையல்ல பிறந்த முதல் சில நாள்லயே ஆரம்பிக்கணும், அதனால எப்போ வரைக்கும் டைம் இருக்குன்னு கேட்டுட்டு, கன்சென்ட் ஃபார்மை ரெண்டு பேரும் சேர்ந்து படிங்க. போட்ட கையெழுத்தை எப்போ வேணா வாபஸ் வாங்கலாம், காரணம் சொல்லணும்னுகூட இல்ல, அதுக்காக குழந்தைக்கு கவனிப்பு குறையக் கூடாது.