பாஸ், கேட்ஃபிஷ் பிடிக்க என்ன வாங்கணும், எப்படிப் போடணும்? டெக்சஸ் நண்பர்களுக்குப் பதில்கள்

டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் இருக்கிற நம் ஆட்கள் தூண்டில் பற்றிக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். பாஸ் என்பது இங்கத்து நன்னீர் வேட்டை மீன், கேட்ஃபிஷ் நம் கெளுத்தி இனம். எல்லாமே டெக்சஸ் ஏரி குளங்களை மனதில் வைத்துச் சொல்வது. வேறு மாநிலத்துக்காரர்கள் அளவு, எண்ணிக்கை, லைசென்ஸ் விதிகளை மட்டும் உங்கள் ஊரில் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றது எல்லாம் பொருந்தும்.

கேள்வி: அண்ணா, புதிதாக ஆரம்பிக்கிறேன். பாஸுக்கு ஒன்று, கேட்ஃபிஷுக்கு ஒன்று என்று இரண்டு செட் வாங்கணுமா? 200 டாலர் வரை செலவு செய்யலாம் என்று இருக்கிறேன். (ஃபிரிஸ்கோ)

இப்போதைக்கு ஒன்று போதும் தம்பி. ஆறரை அடியிலிருந்து ஏழு அடிக்குள் மீடியம் பவர் ஸ்பின்னிங் ராட் (தூண்டில் கம்பு), அதற்கு 2500 அல்லது 3000 அளவு ரீல். பாஸுக்கும் சரி, நம் பக்கத்துப் பூங்காக் குளங்களில் கிடைக்கிற இரண்டு மூன்று பவுண்டு சேனல் கேட்ஃபிஷுக்கும் சரி, இதுவே தாங்கும். ராட்டில் காசைக் கொட்டாதீர்கள். ஐம்பது அறுபது டாலர் செட்டே வருஷக் கணக்கில் உழைக்கும், மிச்சக் காசை நரம்பிலும் முள்ளிலும் போடுங்கள், ஏனென்றால் மீனைப் பிடித்து வைத்திருப்பது அவை இரண்டும்தான். ரீலோடு சுற்றியே வருகிற நரம்பு கடை அலமாரியில் எவ்வளவு நாள் கிடந்ததோ தெரியாது, சுருள் சுருளாக வரும். அதைக் கழற்றிவிட்டு 10 பவுண்டு இழுப்பைத் தாங்குகிற மோனோ (ஒற்றை இழை நைலான் நரம்பு) புதிதாகச் சுற்றுங்கள். முள் கூர்மையா என்று பார்க்க நுனியைக் கட்டை விரல் நகத்தின் மேல் லேசாக வைத்து இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் அது மொட்டை, குத்தி நின்றால் நல்ல முள். கல்லில் உரசிய முள்ளையும் இப்படியே பாருங்கள், பெரிய மீன் தப்புவதில் பாதி இந்தச் சின்ன விஷயத்தால்தான்.

கேள்வி: எல்லாரும் பெய்ட்காஸ்டர் ரீல்தான் வைத்திருக்கிறார்கள். அதையே வாங்கிவிடலாமா? (கேட்டி)

அவசரப்படாதீர்கள். வீசும்போது கட்டை விரலால் ஸ்பூலை (நரம்பு சுற்றியிருக்கிற உருளை) சரியாக அடக்கவில்லை என்றால் நரம்பு குருவிக்கூடாகிவிடும், அரை நாள் சிக்கெடுப்பதிலேயே போகும். கனமான லூரை (செயற்கை இரை) புதருக்குள் குறி பார்த்துப் போட வேண்டிய நிலை வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: ஊரில் கண்மாயில் விரால் பிடித்த கை இது. இங்கே மண்புழு போட்டால் உள்ளங்கை அகலத்துக்கு ப்ளூகில் மட்டும்தான் வருகிறது. பெரிய பாஸ் எப்படி வரும்? (ப்ளேனோ)

விரால் பிடித்தவர் என்றால் பாதி வேலை முடிந்தது. பாஸும் விரால் மாதிரியேதான், வெட்டவெளியில் சுற்றாமல் பாசி ஓரம், விழுந்து கிடக்கிற மரம், படகுத் துறையின் நிழல் என்று ஒளிந்து நின்று பாய்கிற மீன். அதனால் எதைப் போடுகிறோம் என்பதைவிட எங்கே போடுகிறோம் என்பதுதான் முக்கியம். நிழலிலிருந்து பத்தடி தள்ளிப் போட்டால் எவ்வளவு நல்ல லூரும் வீண்.

மண்புழுவை விட்டுவிட்டு டெக்சஸ் ரிக் கட்டுங்கள். முதலில் துப்பாக்கிக் குண்டு வடிவ எடை ஒன்றை, கூர் முனை ராட் பக்கம் பார்க்கிற மாதிரி நரம்பில் கோர்த்துக்கொள்ளுங்கள், கால் அவுன்ஸுக்கு மேல் வேண்டாம். அப்புறம் 3/0 அளவு ஆஃப்செட் முள், அதாவது கண்ணுக்குக் கீழே மடிந்திருக்கிற முள். ஏழு அங்குல ரப்பர் புழுவின் தலையில் கால் அங்குலம் குத்தி, பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளைக் கண் வரை இழுத்துத் திருப்பி, நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்துவிடுங்கள். புழு நேராகத் தொங்கணும். வளைந்திருந்தால் கழற்றித் திரும்பக் குத்துங்கள், இல்லாவிட்டால் தண்ணீருக்குள் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். நுனி வெளியே தெரியாததால் கிளைக்குள் போட்டாலும் மாட்டாமல் வரும்.

வீசியதும் இழுக்காதீர்கள். அடியில் போய்ப் படியும் வரை நரம்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பாதி நேரம் அது இறங்கும்போதே பாஸ் வாயில் போட்டுக்கொள்ளும், அப்போது நரம்பு ஒரு சுண்டு சுண்டும், இல்லை என்றால் சத்தமில்லாமல் பக்கவாட்டில் நகரும். அடியில் படிந்த பிறகு ராட் நுனியை ஓர் அடி தூக்கி இறக்குங்கள், தொய்வைச் சுற்றுங்கள், கொஞ்சம் காத்திருங்கள், மறுபடி தூக்குங்கள். ‘டக்’ என்று ஒரு தட்டு கையில் தெரிந்தால் தொய்வை எடுத்துவிட்டு ஓங்கி இழுங்கள். முள் நுனி ரப்பரைக் கிழித்து வெளியே வந்துதான் வாயில் ஏறணும், அதனால் மெல்ல இழுத்தால் ஏறாது.

பாசி பாய் விரித்த மாதிரி மூடிக் கிடக்கிற குளமாக இருந்தால் உள்ளீடற்ற ரப்பர் தவளையை அதன் மேலேயே ஓட்டுங்கள். தண்ணீர் வெடித்ததும் உடனே இழுத்துவிடக் கூடாது, மீனின் கனம் கையில் தெரிகிற வரை ஒரு மூச்சு பொறுக்கணும்.

கேள்வி: ரப்பர் புழுவில் நூறு கலர் விற்கிறார்கள். எதை எடுப்பது? (ஆஸ்டின்)

தெளிந்த தண்ணீருக்குப் பச்சையும் பழுப்பும் கலந்த க்ரீன் பம்ப்கின், கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பும் நீலமும். இரண்டு பாக்கெட் போதும்.

கேள்வி: மோனோ, ஃப்ளோரோகார்பன், ப்ரெய்டு மூன்றையும் குழப்பிக்கொள்கிறேன், சார். (ஷுகர்லேண்ட்)

மோனோ இழுபடும், மெல்ல மூழ்கும், விலை குறைவு, கற்றுக்கொள்கிறவர்களுக்கும் கேட்ஃபிஷுக்கும் நல்லது. ஃப்ளோரோகார்பன் வேகமாக மூழ்கும், தண்ணீரில் அவ்வளவாகத் தெரியாது, டெக்சஸ் ரிக்குக்குப் பொருத்தம். ப்ரெய்டு இழுபடவே இழுபடாது, அதனால் தவளை ஓட்டுகிற இடத்தில் 50 பவுண்டு ப்ரெய்டு போட்டால்தான் மீனைப் பாசியோடு சேர்த்து இழுத்து வர முடியும். மோனோவையும் ஃப்ளோரோகார்பனையும் முடிச்சுப் போட்டு இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள். காய்ந்தபடியே இறுக்கினால் உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே பலம் போய்விடும். ப்ரெய்டுக்குப் பலோமர் முடிச்சு பழகுங்கள், மற்ற பல முடிச்சுகள் வழுக்கும்.

கேள்வி: கேட்ஃபிஷுக்குக் கோழி ஈரல் போடுகிறேன், வீசும்போதே கழன்று பறந்துவிடுகிறது. வேறு என்ன போடலாம் அண்ணா? (அர்விங், இரண்டு பிள்ளைகளின் அம்மா)

ஈரலை நைலான் காலுறைத் துண்டில் சின்ன முடிச்சாகக் கட்டி முள்ளில் குத்துங்கள் அக்கா, கழலாது, வாசனையும் வெளியே வரும். ஆனால் எந்தக் கேட்ஃபிஷ் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யணும், சேனல், ப்ளூ, ஃப்ளாட்ஹெட் மூன்றுக்கும் சாப்பாடு வேறு.

சேனல் கேட்ஃபிஷ் நாற்றத்துக்கு வரும். உடம்பு முழுக்கச் சுவை உணர்கிற மீன் அது, மீசையில் மட்டும் இல்லை. ஈரல், பஞ்ச் பெய்ட் (நாற்றமடிக்கிற பிசைந்த இரை), பழைய இறால், வெட்டிய ஹாட் டாக் எல்லாம் எடுக்கும். ப்ளூ கேட்ஃபிஷுக்குப் புதிதாக வெட்டிய ஷாட் (shad, மத்தி இனத்து மீன்) துண்டுதான் வேண்டும், ரத்தம் வடிகிற தலைப் பகுதி இன்னும் நல்லது, அழுகியதைப் போடாதீர்கள். டவக்கோனி, டெக்சோமா ஏரிகளில் பெரிய ப்ளூ குளிர்காலத்தில்தான் நன்றாக வரும். டெக்சோமாவில் பிடித்த 121.5 பவுண்டு மீன்தான் இந்த மாநிலத்தின் சாதனை, அதுவும் 2004 ஜனவரியில் வந்தது. ஃப்ளாட்ஹெட்டுக்கு உயிருள்ள மீன்தான் இரை, வேளை ராத்திரி.

பிள்ளைகளோடு போவதென்றால் நெய்பர்ஹுட் ஃபிஷின் திட்டத்தில் இருக்கிற பூங்காக் குளங்களுக்குப் போங்கள். வெயில் மாதங்களில் சேனல் கேட்ஃபிஷும் குளிர்காலத்தில் ட்ரௌட்டும் மாநில மீன்துறையே கொண்டுவந்து விடுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு மீன் வந்தால்தான் அடுத்த தடவை கூட வருவார்கள்.

கேள்வி: சர்க்கிள் ஹுக் வாங்கினேன். கடி நன்றாக விழுகிறது, இழுத்தால் மீன் இல்லை. (ரவுண்ட் ராக்)

இழுப்பதுதான் பிரச்சினை. நுனி உள்நோக்கி வளைந்த இந்த சர்க்கிள் முள், மீன் திரும்பிப் போகும்போது தானாகவே வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும், நாம் வெடுக்கென்று இழுத்தால் வாயைவிட்டு வெளியே வந்துவிடும். ராட்டைத் தாங்கியில் வையுங்கள், அது வளைந்து போகிற வரை தொடாதீர்கள், அப்புறம் நிதானமாகச் சுற்ற ஆரம்பியுங்கள். இரையை முள் முழுக்க அடைக்காமல் நுனியை நன்றாக வெளியே விட்டு வைப்பதும் அவசியம். தூக்கும்போது முதுகிலும் இரண்டு பக்கத் துடுப்பிலும் இருக்கிற முள்ளைக் கவனியுங்கள், கெளுத்தி குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று ஊரிலேயே தெரிந்திருக்கும். சின்ன மீன்களின் முள்தான் அதிகக் கூர்.

கேள்வி: வசந்த காலத்தில் கரையோரம் முட்டைக் குழியில் நிற்கிற பாஸைப் பிடிக்கலாமா? (ஆலன்)

சட்டப்படி தடை இல்லை. ஆனால் குழியைக் காவல் காப்பது ஆண் மீன், அதைத் தூக்கிவிட்டால் அந்த நேரத்தில் ப்ளூகில் கூட்டம் வந்து முட்டையைத் தின்றுவிடும். அதனால் நான் குழியில் நிற்கிற மீனுக்குத் தூண்டில் போடுவதில்லை, பிடித்தாலும் அதே இடத்தில் உடனே விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மாநிலம் முழுக்கப் பொதுவாக 14 அங்குலத்துக்குக் குறைந்த லார்ஜ்மவுத் பாஸை எடுக்கக் கூடாது, ஒரு நாளைக்கு ஐந்துதான். ஏரிக்கு ஏரி விதி மாறும். லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் நடுவில் இருக்கிறதைத் தொடவே கூடாது, திரும்ப விடணும். 1992-இல் 18.18 பவுண்டு பாஸ், மாநிலச் சாதனை, அந்த ஏரியிலிருந்துதான் வந்தது.

கேள்வி: குழம்புக்கு எது நல்லது? கேட்ஃபிஷ் வைத்தால் சேற்று வாடை அடிக்கிறது. (மெக்கினி)

இரண்டு பவுண்டுச் சேனல் கேட்ஃபிஷ்தான் குழம்புக்குச் சரியான அளவு. பிடித்ததும் செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டு உடனே ஐஸில் போடுங்கள். வெயிலில் வாளியில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன புளி ஊற்றினாலும் தேறாது. தலைக்குப் பின்னால் தோலைச் சுற்றிக் கீறி, குறடால் பிடித்து வால் பக்கமாக இழுத்தால் சட்டை கழற்றுவதுபோல் வந்துவிடும். அப்புறம் நடுப்பக்கம் நீளமாக ஓடுகிற கருஞ்சிவப்புச் சதையைச் சீவி எறியுங்கள், வாடையில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. பாஸைக் குழம்புக்கு எடுப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன், பெரிய பாஸில் பாதரசமும் சேரும். கேடோ லேக் மாதிரி சில ஏரிகளுக்குச் சுகாதாரத் துறை எச்சரிக்கையே இருக்கிறது, சாப்பிடும் முன் பாருங்கள்.

கேள்வி: அப்பா மதுரையிலிருந்து வந்திருக்கிறார், அவருக்கும் லைசென்ஸ் வேண்டுமா? (லூயிஸ்வில்)

வேண்டும். 17 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நாள் லைசென்ஸ் இருக்கிறது, ஆன்லைனிலேயே எடுத்துவிடலாம். வருடாந்திர லைசென்ஸ் செப்டம்பர் 1-இல் தொடங்கி ஆகஸ்ட் 31-இல் முடியும், அதனால் ஆகஸ்டில் உங்களுக்குப் புதிதாக எடுக்கும்போது தேதியைப் பார்த்து எடுங்கள். மாநிலப் பூங்காவுக்குள் கரையில் நின்று பிடித்தால் லைசென்ஸே வேண்டாம், பூங்கா நுழைவுக் கட்டணம் மட்டும்தான். அப்பாவை அங்கே கூட்டிப்போங்கள், மடக்கு நாற்காலி ஒன்று, தக்கை கட்டிய ராட் ஒன்று, மண்புழு டப்பா ஒன்று போதும்.