காய்ந்த மெத்தையில் மறுபடி சிறுநீர் வாடை வந்தால்

சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஃபேனில் காயவைத்த பிறகும், புழுக்கமான நாளில் வாடை கிளம்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சோப்பைக் குறை சொல்ல முடியாது. சிறுநீரில் இருக்கும் யூரிக் அமிலம் காய்ந்ததும் படிகமாக மெத்தைக்குள் ஒட்டிக்கொள்ளும். அது தண்ணீரில் எளிதில் கரையாது. கொஞ்சம் ஈரம் பட்டாலே வாடை திரும்பிவிடும்.

பழைய கறைக்கு என்சைம் கிளீனர்தான் (கறையைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம்) சரி. மேலாகத் தெளித்து உடனே துடைத்தால் காசுதான் வீண். சிறுநீர் இறங்கிய ஆழம்வரை அதுவும் இறங்க வேண்டும், பாட்டிலில் போட்டிருக்கும் நேரம்வரை ஈரமாகவே இருக்க வேண்டும். அப்புறம் பழைய துண்டை மடித்து வைத்து, உடம்பு எடை முழுக்கக் கொடுத்து அழுத்தி ஒற்றுங்கள். தேய்த்தால் கறை பரவும். மெமரி ஃபோம் என்றால் கொஞ்சமாகவே ஊற்றுங்கள். உள்ளே போன ஈரம் லேசில் காயாது, பூஞ்சை பிடித்துவிடும். மெத்தையைச் சுவரில் சாய்த்து இரு பக்கமும் காற்றுப்பட வையுங்கள். முழுதாகக் காய்ந்ததும் சமையல் சோடாவைத் தூவி, ராத்திரி முழுக்க விட்டு, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள்.

வெந்நீர் வேண்டாம், கறை ஊன்றிவிடும். பிளீச் வேண்டவே வேண்டாம்: சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு உண்டாகும். வினிகரோடு கலந்தாலும் ஆபத்துதான்.

இனிமேல் நீர்புகா உறை, அதன்மேல் விரிப்பு, மறுபடி ஓர் உறை, விரிப்பு என்று இரண்டு அடுக்காகப் போடுங்கள். நடுராத்திரியில் நனைந்தால் மேல் அடுக்கை உருவிப் போட்டுவிட்டு நீங்களும் தூங்கலாம்.