சேணம் ஏன் ஒரே பக்கமாகச் சரிகிறது?

குதிரை வளர்ப்பு தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு, கோவையில் சேணம் தைத்தும் பழுது பார்த்தும் வருபவர் தரும் பதில்கள்

கேள்வி: ஐயா, எங்களிடம் ஒரு மார்வாரி பெண்குதிரை இருக்கிறது. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கியது. பதின்மூன்று வயது மகள்தான் அதிகம் சவாரி செய்கிறாள். கொஞ்ச காலமாகச் சேணம் வலப்பக்கமாகவே சரிகிறது. வயிற்றுப் பட்டையை இன்னும் இரண்டு துளை இறுக்கினோம், அடியில் ரப்பர் பேடு போட்டோம். நடக்கும்போது பரவாயில்லை. ட்ராட்டில், அதாவது மிதமான ஓட்டத்தில், வட்டம் சுற்றினால் மறுபடி சரிகிறது. பட்டை உரசி முன்னங்காலுக்குப் பின்னால் புண்ணும் வந்துவிட்டது. கான்பூரில் செய்த பழைய சேணம். புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா?
— ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள் அம்மா. புண் ஆறும்வரை சேணமே போட வேண்டாம். கையில் பிடித்து நடத்திக் கூட்டிப் போங்கள், போதும். அந்த ஓய்வு நாட்களில் பார்த்துவிட வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

சேணம் சரிந்தால் எல்லோரும் முதலில் கை வைப்பது பட்டையில்தான். ஆனால் சேணத்தை நடுவில் நிறுத்துவது பட்டை இல்லை. முதுகின் வடிவமும் சேணத்தின் அடிமெத்தையும் ஒன்றோடொன்று பொருந்தினால் பட்டை மிதமாக இருந்தாலே சேணம் நிற்கும். பொருந்தாவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஓரத்தில் போய்த்தான் உட்காரும், கூடவே தோலையும் உரசி எடுக்கும். உங்கள் குதிரைக்கு நடந்தது அதுதான். ரப்பர் பேடு விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். சேணத்துக்கும் முதுகுக்கும் நடுவே எதையாவது திணித்தால் சரிவது கண்ணுக்குத் தெரியாமல் போகும், சரிய வைத்த காரணம் அப்படியே இருக்கும்.

நீங்கள் எழுதியதில் என்னை யோசிக்க வைத்தது ‘மார்வாரி’ என்பதுதான். பிடரிமயிர் முடிகிற இடத்தில் உள்ள எலும்பு மேடு, மார்வாரி, கத்தியவாரி ஆகிய இரு இனக் குதிரைகளுக்கும் நன்றாகத் தூக்கலாக இருக்கும். சேணத்துக்கு அது நல்ல பிடிமானம். மேடே இல்லாமல் உருண்டையாக இருக்கும் மட்டக் குதிரையில் சேணம் உருள்வது சகஜம். மேடு உள்ள குதிரையில், அதுவும் எப்போதும் ஒரே பக்கமாகச் சரிகிறது என்றால் எங்கோ இடமும் வலமும் சமமாக இல்லை. சேணத்திலா, ஏறுகிறவரிடமா, குதிரையிடமா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

சேணத்திலிருந்து தொடங்குங்கள், செலவில்லாத வேலை. மேசையில் ஒரு போர்வை விரித்துச் சேணத்தைக் கவிழ்த்து வையுங்கள். முன்முனையின் நடுவிலிருந்து பின்முனையின் நடுவுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூலின் இரு பக்கமும் அடிமெத்தை ஒரே அகலத்தில், ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு உள்ளங்கைகளாலும் இரு மெத்தைகளையும் ஒரே நேரத்தில் அழுத்தித் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். ஒரு பக்கம் கம்பளி கட்டிபட்டுக் கல்லாகியிருக்கும், மறுபக்கம் அமுங்கிப் போயிருக்கும். பழைய சேணத்தில், அதுவும் வியர்வையில் ஊறி ஊறிக் காய்ந்ததில், இது சாதாரணம். நல்ல கம்பளி வைத்து மறுபடி அடைத்தால் சரியாகிவிடும்.

அடுத்து, அங்கவடி (சவாரி செய்பவர் பாதம் வைக்கும் வளையம்) தொங்கும் வாரை மாட்டும் இரும்புக் கொக்கி. இடது கொக்கியிலிருந்து பின்முனையின் நடு வரை அளந்து பாருங்கள். வலது கொக்கியிலிருந்தும் அதே போல அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இல்லையென்றால் உள்ளே இருக்கும் சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கலாம். பின்முனையை வயிற்றில் முட்டுக்கொடுத்து முன்முனையை உங்கள் பக்கமாக இழுங்கள். லேசாக வளைந்து கொடுப்பது நல்லது. நடுவில் மடிந்தால், அல்லது ‘கிரீச்’ என்று சத்தம் வந்தால், சட்டம் உடைந்திருக்கிறது. முறுக்கிய சட்டத்தையும் உடைந்த சட்டத்தையும் கம்பளி வைத்துச் சரிசெய்ய முடியாது. அப்படியானால் மட்டும் வேறு சேணம் வாங்குங்கள். கான்பூர்ச் சேணம் என்பதற்காகத் தயங்க வேண்டாம். புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது, அங்கே நல்ல கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே தைப்பதில் பெரும்பங்கு வெளிநாட்டுக்குப் போவது. அகல முதுகுக் குதிரைகளை மனத்தில் வைத்துச் செய்த அளவுகள் நிறைய வரும். மார்வாரியின் ஒடுங்கிய முதுகில் அந்த அளவு ஆடும். ஆளை ஏற்றியபின், மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் உங்கள் சேணம் அகலம்.

பட்டையையும் பாருங்கள். ஒரு முனையில் மட்டும் எலாஸ்டிக் வைத்த பட்டை என்றால் இழுப்பு இரு பக்கமும் சமமாக இருக்காது. இரண்டு முனையிலும் எலாஸ்டிக் உள்ளதோ, எலாஸ்டிக்கே இல்லாததோ நல்லது.

இனி குதிரை. சமதரையில் நான்கு காலும் நேராக ஊன்றி நிற்க வையுங்கள். தலையை உங்கள் கணவரோ பழகிய ஆளோ பிடித்துக்கொள்ளட்டும். எட்டி உதைத்தாலும் கால் படாத தூரத்தில், பின்னால் ஒரு உயரமான ஸ்டூலில் ஏறி நின்று முதுகு வழியாகத் தோள்களைப் பாருங்கள். பெரும்பாலான குதிரைகளுக்கு ஒரு தோள் சற்றுப் பெரிதாகத்தான் இருக்கும், பலவற்றில் அது இடது தோள். பெரிய தோள், நடக்க நடக்கச் சேணத்தின் அந்தப் பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளும். சேணம் சின்னத் தோள் பக்கமாகச் சரியும். உங்கள் குதிரைக்கு இடது தோள் பெரிது என்றால் வலப்பக்கச் சரிவுக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். அப்போது சேணத்தைப் பெரிய தோளுக்குப் பொருத்தி, சின்னப் பக்கத்தில் முன்னால் மெல்லிய கம்பளித் துண்டு வைத்துப் பள்ளத்தை நிரப்புவோம். தெரிந்தவர் கையால் செய்ய வேண்டிய வேலை இது. நீங்களாகத் திணித்தால் ஒரே இடத்தில் அழுத்தும்.

சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் வியர்வைத் தடத்தைப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மெத்தை பட்ட இடம் இரு பக்கமும் ஒரே மாதிரி நனைந்திருக்க வேண்டும். நனைந்த முடிக்கு நடுவே உள்ளங்கையளவு காய்ந்த இடம் தெரிந்தால் அங்கே பாரம் அதிகமாக அமுக்குகிறது என்று பொருள். அதையே பல நாள் விட்டால் அந்த இடத்தில் முடி வெள்ளையாக முளைக்கும். சந்தையில் குதிரை வாங்கும்போது முதுகில் வெள்ளைத் திட்டு இருந்தால் பிறவி அடையாளம் என்று சொல்லி விற்பார்கள். பழைய சேணப் புண் அது.

இதையெல்லாம் விட முக்கியமாக நான் சொல்ல வருவது பின்னங்கால் பற்றி. சேணத்தையும் தோளையும் பார்த்து முடித்தும் சரிவு நிற்காவிட்டால் பின்னங்காலில் வலி இருக்கிறதா என்று கேளுங்கள். இங்கிலாந்தில் நியூமார்க்கெட் ஊரில் இருந்த அனிமல் ஹெல்த் டிரஸ்டில், லீன கிரீவ், சூ டைசன் என்ற இரண்டு கால்நடை மருத்துவர்கள் இதைத் தனியாக ஆராய்ந்து 2013ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். பின்னங்கால் நொண்டல் உள்ள குதிரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் சேணம் சரிந்தது. முன்னங்கால் நொண்டல் உள்ளவற்றிலும் நலமான குதிரைகளிலும் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சரிந்தது பெரும்பாலும் வலியுள்ள காலின் பக்கமாக. அந்தக் காலின் நரம்பை மரக்க வைக்கும் ஊசி போட்டு நொண்டலை நிறுத்தியதும், அதே சேணம், அதே ஆள், அநேகமாக எல்லாக் குதிரைகளிலும் சேணம் நடுவிலேயே நின்றது.

நொண்டல் என்றதும் கால் இழுத்து இழுத்து நடப்பதை நினைக்காதீர்கள். பழகிய கண்ணுக்கே சிக்காத அளவு லேசாக இருக்கும். குதிரை அந்தக் காலில் முழு பாரம் வைக்காமல் ஓடும். முதுகின் அசைவு இடமும் வலமும் மாறிப்போய், சேணம் மெல்ல மெல்ல ஒரு பக்கம் நகரும். வட்டத்தில் இது கூடுதலாகத் தெரியும். ‘நடக்கும்போது பரவாயில்லை, ட்ராட்டில் வட்டம் சுற்றினால் சரிகிறது’ என்று நீங்கள் எழுதியிருப்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வலது பின்னங்கால் மீது எனக்குச் சந்தேகம்.

உங்கள் மகள் கோணலாக உட்காருகிறாள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பிள்ளையை உடனே குறை சொல்ல வேண்டாம். சேணம் சரிந்தால் மேலே இருப்பவரும் கூடவே சரியத்தான் செய்வார். சோதித்துப் பாருங்கள். புண் ஆறியபின், ஏறக்குறைய அவள் எடையுள்ள, நன்றாகச் சவாரி தெரிந்த வேறொருவரை அதே சேணத்தில் ஏற்றுங்கள். பின்னாலிருந்து போனில் வீடியோ எடுங்கள், இடவட்டமும் வலவட்டமும். அவருக்குச் சேணம் நேராக நின்றால் மகளின் உட்காரும் முறையைத் திருத்தலாம். அவருக்கும் சரிந்தால் வேறு நல்ல சேணம் ஒன்றை இரவல் வாங்கிப் போடுங்கள். ஆளும் மாறி, சேணமும் மாறி, சரிவு மட்டும் மாறவில்லை என்றால் குதிரைதான் பதில் சொல்கிறது.

அப்போது பட்டையைத் தொடாமல் நேராக நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போங்கள், உங்களுக்குப் பக்கம். வீடியோவையும் காட்டுங்கள். ‘சேணம் வலப்பக்கம் சரிகிறது, பின்னங்காலைப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் புண்ணுக்கு மட்டும் மருந்து தந்து அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது. லாடம் அடித்து எவ்வளவு நாள் ஆயிற்று என்பதையும் சொல்லுங்கள். பல நேரம் பிரச்சினை குளம்பிலேயே முடிந்துவிடும்.

கேள்வி: கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி வரும்போது என் மகன் ஏறிய வாடகைக் குதிரையில் சேணம் சரிந்து, பையன் தொங்கிவிட்டான். குதிரைக்காரர் பிடித்துக்கொண்டதால் தப்பினோம். ஏறும் முன் எதைப் பார்க்க வேண்டும்?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: பட்டை கட்டும்போது பல குதிரைகள் மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். அப்போது இறுக்கமாகத் தெரிந்த பட்டை, பத்தடி நடந்ததும் தொளதொளவென்று ஆகிவிடும். அதனால் குதிரையைக் கொஞ்ச தூரம் நடத்திவிட்டு மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். ஏறியபின் இன்னொரு தடவை. நல்ல குதிரைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே விரல்கள் சிரமப்பட்டு நுழைந்தால் சரி, முழுக் கையும் சுலபமாக நுழைந்தால் ஏறாதீர்கள். சேணத்தில் பட்டை மாட்டும் வார்கள் மூன்று இருந்தால், முதல் வாரில் ஒரு பக்கிள் கட்டாயம் மாட்டியிருக்க வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே நாடாவில் தைத்தவை. அந்த நாடா அறுந்தால் இரண்டும் ஒன்றாகப் போய்விடும்.

சரிவது தெரிந்ததும் பையன் கடிவாளத்தை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. குதிரை மிரளும். இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து எடுத்துவிட்டு, பிடரிமயிரைப் பிடித்துக்கொண்டு, குதிரைக்காரரைக் கூப்பிடச் சொல்லிக் கொடுங்கள். கால் அங்கவடியில் மாட்டிக்கொள்வதுதான் விழுவதைவிட ஆபத்து. குதிகால் உள்ள ஷூ போட்டுப் போங்கள், செருப்பு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: குதிரையில் இடப்பக்கமாகத்தான் ஏற வேண்டுமா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: இடுப்பில் இடப்பக்கம் வாள் தொங்கவிட்ட காலத்துப் பழக்கம் அது என்பார்கள். வாள் போய்விட்டது, பழக்கம் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் தரையிலிருந்து இடது அங்கவடியில் முழு எடையையும் தொங்கவிட்டு ஏறினால் சேணம் இடப்பக்கம் இழுபடும், இடது வார் நீளும், வருடக்கணக்கில் சட்டமே முறுக்கிக்கொள்ளும். என்னிடம் வரும் பழைய சேணங்களில் இடது வாரை வலதோடு சேர்த்துப் பிடித்தால் ஒரே துளை வரிசையில் நிற்காது.

குதிரை பழகினால் வலப்பக்கமும் ஏறலாம், நல்லதுதான். ஆனால் திடீரென்று ஒரு நாள் செய்யாதீர்கள். வலப்பக்கம் ஆள் நிற்பதற்கும் அங்கவடியைக் கையால் அமுக்குவதற்கும் முதலில் பழக்குங்கள். எந்தப் பக்கம் ஏறினாலும் உறுதியான ஸ்டூலோ திண்ணையோ வைத்து ஏறுங்கள், எதிர்ப்பக்க அங்கவடியை ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். இடது வலது வார்களைச் சில வாரங்களுக்கு ஒரு தடவை மாற்றி மாட்டுங்கள். மாற்றும்போது தையலையும் பக்கிள் மடிப்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். நூல் பிய்ந்திருந்தால் அன்றைக்குச் சவாரி வேண்டாம், தைத்த பிறகு ஏறிக்கொள்ளலாம்.