ஏழாம் வகுப்பு ஆங்கில நோட்ஸைக் கோவையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

தம்பி, ஆகஸ்டில் குடும்பத்தோடு நியூஜெர்சிக்கு வருகிறீர்கள், சிபிஎஸ்இ பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த மகள் இங்கே மிடில் ஸ்கூலில் ஏழாம் வகுப்பில் சேரப்போகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். லாங்குவேஜ் ஆர்ட்ஸ், அதாவது ஆங்கிலப் பாட வகுப்புக்கு என்ன பாடப்புத்தகம், அதை முன்கூட்டியே வாங்கி விடுமுறையில் முடித்துவிடலாமா, கிராமருக்குத் தனி டியூஷன் வேண்டுமா என்பது உங்கள் முதல் கேள்வி. கூடவே குளிர்கால ஜாக்கெட், பிரஷர் குக்கர், எடிசன் ஊரில் வீட்டு வாடகை. பின்னால் சொன்ன மூன்றுக்கும் பதில் சொல்ல ஊர்ப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். கணக்குப் பாடத்தைப் பற்றியும் கவலை வேண்டாம், நம் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். எனக்கு உறுத்துவது அந்த முதல் கேள்விதான். 2009 ஜனவரியில் திருச்சியிலிருந்து வந்து, கணுக்கால் வரை பனியில் நடந்துபோய், பள்ளி அலுவலகத்தில் நானும் இதையேதான் கேட்டேன்.

நீங்கள் நினைக்கிற மாதிரியான பாடப்புத்தகம் இருக்காது. எதைப் படிக்க வைப்பது என்பதை அந்தந்த ஊர்ப் பள்ளி நிர்வாகம்தான் முடிவு செய்கிறது. பக்கத்துப் பக்கத்து ஊரில் இரண்டு பிள்ளைகள் ஒரே வகுப்பில் வெவ்வேறு நாவல் படித்துக்கொண்டிருப்பார்கள். மாநிலம் வகுப்பது தரநிலைகளை மட்டும்தான்: வாசிப்பு, எழுத்து, பேசுவதும் கேட்பதும், மொழிப் பயன்பாடு. எழுத்திலும் மூன்று வகை எதிர்பார்ப்பார்கள். ஒரு கருத்தை நிறுவி வாதிடுவது, ஒன்றை விளக்கிச் சொல்வது, கதையாகச் சொல்வது. ஆண்டு முழுவதும் இந்த மூன்றும் மாறி மாறி வரும். ஒரு நாவலை ஆறேழு வாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஓரத்தில் மஞ்சள் ஒட்டுத்தாளில் பிள்ளை தனக்குத் தோன்றுவதை எழுதி ஒட்ட வேண்டும். பிறகு நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பேசுவார்கள். பிறகு எழுதுவார்கள், பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பார்கள், திரும்ப எழுதுவார்கள்.

என் மகனின் முதல் வீட்டுப்பாடம் எனக்கு இன்றும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு சிறுகதையில் ஒரு பெண் தன் அண்ணனிடமிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமலேயே மேஜை இழுப்பறையில் வைத்துவிடுகிறாள். அவள் ஏன் அப்படிச் செய்தாள், கதையிலிருந்து இரண்டு ஆதாரம் காட்டு என்பது கேள்வி. மகன் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் மார்ஜின் போட்டான். கேள்வியைக் கருப்பு மையில் எழுதினான். நீல மையில் ஒன்றரைப் பக்கத்துக்குக் கதைச்சுருக்கம் எழுதி, அண்ணன் தங்கைப் பாசத்தைப் பற்றி ஒரு பொன்மொழியோடு முடித்தான். திருச்சியில் அதற்குப் பத்துக்கு ஒன்பது விழுந்திருக்கும். இங்கே நான்குக்கு ஒன்று. கையெழுத்து மிக அழகு என்று ஒரு வரி, அதன் கீழே, ‘இதில் நீ எங்கே இருக்கிறாய்?’ என்று இன்னொரு வரி.

வகுப்பின் மொத்தமும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. கதையில் என்ன நடந்தது என்பது ஆசிரியருக்கும் தெரியும். உங்கள் மகள் என்ன நினைக்கிறாள், அப்படி நினைக்க எந்த வரி காரணம், அந்த வரி எப்படி அவள் கருத்தைத் தாங்குகிறது என்பதைத்தான் கேட்கிறார்கள். மேற்கோள் காட்டிவிட்டு விளக்காமல் விட்டால் மதிப்பெண் பாதியில் நிற்கும். எதற்கு எவ்வளவு என்பதைக் கட்டம் போட்ட ஒரு தாளில் முன்னாலேயே கொடுத்துவிடுவார்கள், அதற்கு ரூப்ரிக் என்று பெயர். பிள்ளைகள் அதைப் பையில் திணித்துவிட்டு மறந்துவிடும். நீங்கள் அதை எடுத்துப் படியுங்கள். கேள்வித்தாள் முன்கூட்டியே கையில் கிடைத்த மாதிரிதான் அது, ஆனால் நம்மில் பாதிப்பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இப்போது எச்சரிக்கை. நம் ஊரில் நல்ல வாக்கியத்தை மனப்பாடம் செய்து இறக்கினால் கெட்டிக்காரி. இங்கே அதற்குப் பெயர் திருட்டு, நான் மிகைப்படுத்தவில்லை. இணையத்திலிருந்து இரண்டு வரியை எடுத்து எங்கிருந்து என்று சொல்லாமல் போட்டால் பூஜ்யம், பெற்றோருக்குக் கடிதம், சில இடங்களில் பிரின்சிபால் அறை வரை போகும். பிள்ளைக்கு அது தப்பு என்றே தெரிந்திருக்காது, அதுதான் கொடுமை. விமானம் ஏறுவதற்கு முன்பே மகளை உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள். பிறர் கருத்தை எடுக்கலாம், ஆனால் யாருடையது என்று எழுத வேண்டும்.

இன்னொன்று. பெரும்பாலும் பள்ளி கொடுக்கும் குரோம்புக் மடிக்கணினியில், கூகுள் டாக்ஸில்தான் எழுதுவார்கள். அதில் எந்த வரி எப்போது சேர்ந்தது என்ற வரலாறு அப்படியே இருக்கும். ஒரு பத்தி முழுவதும் ஒரே நொடியில் வந்து விழுந்தால் ஆசிரியருக்குத் தெரியும். சாட்ஜிபிடி வந்த பிறகு அவர்கள் முதலில் பார்ப்பதே அங்கேதான். எங்கள் தெருவில் ஒரு அப்பா, நல்ல வேலையில் இருப்பவர், மகன் தூங்கிய பிறகு அவனுடைய கட்டுரையை உட்கார்ந்து ‘சரிசெய்து’ கொடுத்தார். இரவு பதினொன்றரைக்கு ஏழாம் வகுப்புப் பையன் அலுவலக ஈமெயில் நடையில் எழுதத் தொடங்கியது எப்படி என்று ஆசிரியர் மிக மரியாதையாகக் கேட்டார். உதவி செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. வாயால் கேள்வி கேளுங்கள், விசைப்பலகையைத் தொடாதீர்கள்.

சேர்க்கையின்போது வீட்டில் பேசும் மொழி என்ன என்று ஒரு படிவம் தருவார்கள். ‘ஆங்கிலம் என்று போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளையை இஎஸ்எல்லில் தள்ளிவிடுவார்கள்’ என்று உங்களுக்கு முன்னால் வந்த நம்மவர் ஒருவர் காதோடு சொல்வார். இஎஸ்எல் என்றால் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகளுக்கான கூடுதல் ஆங்கில வகுப்பு. எனக்கும் சொன்னார்கள். சொன்னவர் வீட்டில் ஆங்கிலம் பேசுவதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. தமிழ் என்று எழுதுங்கள். தேவையென்றால் ஒரு தேர்வு வைப்பார்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கையும் பார்ப்பார்கள். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் பலர் அங்கேயே தாண்டிவிடுகிறார்கள். தாண்டாவிட்டால் கூடுதல் ஆசிரியர் கிடைக்கிறார், காசு கேட்காமல். அந்த உதவி வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு. ஆனால் அந்த முடிவைத் தேர்வு முடிவைப் பார்த்துவிட்டு எடுங்கள், அக்கம்பக்கத்துக் கௌரவத்துக்காக எடுக்காதீர்கள். என் மகன் ஒரு பருவம் இஎஸ்எல்லில் இருந்தான். எங்கள் குடும்ப மானம் ஒன்றும் கப்பலேறவில்லை.

பேச்சு விஷயத்தில்தான் நான் அந்தப் பள்ளியோடு மல்லுக்கு நின்றேன். மகனை ஆசிரியை கூப்பிட்டபோது எழுந்து நின்று கைகட்டிப் பதில் சொன்னான், வகுப்பு சிரித்துவிட்டது. அதன் பிறகு வாயே திறக்கவில்லை. பேசாதவனுக்கு மொழி தெரியவில்லை என்று முடிவுகட்டி, எளிய புத்தகம் படிக்கும் குழுவில் போட்டார்கள். அவனோ வீட்டில் நூலகத்திலிருந்து கொண்டுவந்த தடித்தடிப் புத்தகங்களை இரவில் படித்துக்கொண்டிருந்தான். நான் ஈமெயில் எழுதினேன். பதில் வரவில்லை, மறுபடி எழுதினேன். அந்தக் காலத்தில் ஒரு ஈமெயில் எழுத எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆகும். இன்று நம் ஊர்ப்பெண்கள் பத்துப் பேருக்கு நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். கடைசியில் பள்ளியில் அவன் குழுவை மாற்றினார்கள். ஆகவே மகளிடம் சொல்லுங்கள்: எழுந்து நிற்க வேண்டாம், ‘மேம்’ என்று கூப்பிட வேண்டாம், மிஸ் அல்லது மிஸஸ் போட்டு அவர் குடும்பப் பெயரைச் சொன்னால் போதும். வட்டத்தில் உட்கார்ந்து பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. முதல் மாதம் ஒரு வகுப்புக்கு ஒரு வாக்கியம் பேசினால் போதும். ‘அவள் சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன், ஆனால்’ என்று தொடங்கக் கற்றுக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

கிராமர் டியூஷனா? வேண்டாம். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த இலக்கணம் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. எழுத்துக்கூட்டலில் சில அமெரிக்க மாற்றங்கள் வரும், ஒரு மாதத்தில் பழகிவிடும். வசந்தகாலத்தில் மாநிலத் தேர்வு ஒன்று வரும். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் சோதிக்க வேண்டும் என்பது அமெரிக்க மத்திய அரசுச் சட்டம். நாங்கள் வந்த பிறகு நியூஜெர்சியில் அந்தத் தேர்வின் பெயரை மாற்றி மாற்றி வைத்துவிட்டார்கள். அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

வந்திறங்கிய வாரமே நம்மவர்கள் உங்களைச் சனிக்கிழமை டியூஷன் மையத்துக்கும் ஸ்பெல்லிங் பீ என்னும் எழுத்துக்கூட்டல் போட்டிக்கான பயிற்சிக்கும் இழுப்பார்கள். 1985இல் பாலு நடராஜன் என்ற இந்திய வம்சாவளிச் சிறுவன் தேசியப் போட்டியில் வென்றதிலிருந்து நம் மக்களுக்கு அந்தப் பித்து. 2019இல் எட்டுப் பேர் சேர்ந்து பட்டம் வாங்கினார்களே, அதில் ஏழு பேர் இந்திய வம்சாவளி. ஆசையுள்ள பிள்ளைக்கு நல்ல விளையாட்டுதான். ஆனால் அகராதியில் மூலை முடுக்கெல்லாம் தெரிந்த ஒரு பையன், கதையில் வரும் கிழவர் ஏன் பொய் சொன்னார் என்று கேட்டதற்கு ‘அது புத்தகத்தில் இல்லை’ என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அவன் அம்மா பெருமையாகச் சிரித்தார்.

டியூஷனுக்குக் கொடுக்கிற காசை வைத்துக்கொண்டு ஊர் நூலகத்துக்குப் போங்கள். அட்டை இலவசம், முகவரிச் சான்று மட்டும் கேட்பார்கள். நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் என்னிடம் கார் ஓட்டும் உரிமம் இல்லை. மகனும் நானும் நூலகத்துக்கு நடந்தே போவோம், திரும்பும்போது புத்தகப் பையை ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கி வருவோம். அவன் படிப்பான், இரவு தோசை வார்க்கும்போது கதையை எனக்குத் தமிழில் சொல்வான். நான் குறுக்குக் கேள்வி கேட்பேன், அவன் எரிச்சலோடு பக்கத்தைப் புரட்டி வரியைக் காட்டுவான். அவனுக்கு ஆதாரம் காட்டும் பழக்கம் அங்கேதான் வந்தது, பள்ளியில் இல்லை என்று நான் இன்றும் வாதாடுவேன். வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்பவர்களிடம் எனக்குப் பேச்சே கிடையாது. இப்போது அதே நூலகத்தில் வாரம் இரண்டு நாள் புத்தகம் அடுக்கும் தன்னார்வ வேலை பார்க்கிறேன். வந்தால் எட்டிப் பாருங்கள், சிறுவர் நாவல் அலமாரியில் எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

நவம்பர் வாக்கில் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு வரும். பத்து நிமிடம்தான், மணி பார்த்து எழுந்துவிடுவார்கள். மகளின் எழுத்து ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், ரூப்ரிக்கில் எந்தக் கட்டத்தில் நிற்கிறாள், அடுத்த கட்டத்துக்கு என்ன குறைகிறது, வகுப்பில் பேசுகிறாளா என்று கேளுங்கள். வகுப்பில் எத்தனையாவது ரேங்க் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் கிடையாது.