வாசகர் கேள்வி–பதில்: சான்றிதழ் வந்தாச்சு, கிரெடிட் எங்கே?

கே: மகள் ஊட்டியில் பி.காம். படிக்கிறாள். மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் 12 வார என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.கள் வழங்கும்) பாடம் முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டாள். படிப்புக்கான கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் ஏ.பி.சி. (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) கணக்கில் கிரெடிட் ஏறவில்லையே?
– வாசகி, கோத்தகிரி

ப: பாதிப் பேருக்கு இது இனிஷியல் தகராறு. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், மார்க் ஷீட்டில் முன்னால், ஸ்வயத்தில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒரே பெண் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? 12 இலக்க ஏ.பி.சி. எண்ணில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் கல்லூரிப் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். அரசின் ஆன்லைன் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் அந்த எண்ணை எடுத்து, ஸ்வயம் புரொஃபைலில் சேருங்கள். ஓ.டி.பி. வர, ஆதாரோடு இணைத்த செல் எண் உயிரோடு இருக்க வேண்டும். ஆதாரில் பெயரை மாற்ற மட்டும் அவசரப்படாதீர்கள். வாழ்நாளில் இரண்டு முறைதான் விடுவார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே ஒரே தடவையில் திருத்துங்கள்.

பெயர் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் சிக்கல் கல்லூரிப் பக்கம். 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2 என்பது கணக்கு. ஆனால் எந்தத் தாளுக்கு அது ஈடு என்று பல்கலைக்கழகம் ஏற்றிருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2021 விதி ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்க இடம் தருகிறது. எந்தப் பாடங்களை ஏற்பது என்பதைப் பல்கலைக்கழகம் முடிவு செய்யும். செமஸ்டர் தொடங்குமுன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். பாடத்தை முடித்துவிட்டுப் போய் நின்றால் பெரும்பாலும் கைவிரிப்புதான்.

கே: தேர்வில் 75க்கு 52 எடுத்தேன். ஆனாலும் என்.பி.டி.இ.எல். சான்றிதழ் இல்லை என்கிறது.
– வாசகர், கூடலூர்

ப: அசைன்மென்ட்டில் கோட்டை விட்டிருப்பீர்கள். தேர்வில் 75க்கு 30 மட்டும் போதாது, அசைன்மென்ட்டில் 25க்கு 10ம் வேண்டும். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டுகளின் சராசரியை எடுப்பதால் நான்கு வாரம் தவறினாலும் பாதகமில்லை. அதற்கு மேல் விட்டால் பூஜ்யம் பூஜ்யமாகச் சேரும். மழைக்காலத்தில் உங்கள் பக்கம் நெட் போவது தெரிந்த கதைதானே, கெடு நாள் ராத்திரிவரை இழுக்காதீர்கள். தேர்வு நேரில்தான். அதற்குக் கோவைக்கு இறங்க வேண்டியிருந்தால், பதியும்போதே பிற்பகல் 2 மணி வேளையைக் கேளுங்கள்.

கே: தனியார் தளம் கொடுத்த டிஜிட்டல் பேட்ஜ் டிகிரிக்கு உதவுமா?
– வாசகர், கொடைக்கானல்

ப: பல்கலைக்கழகம் அந்தப் பாடத்தை ஏற்றிருந்தால் ஒழிய உதவாது. வேலைக்கு உதவலாம். பயோடேட்டாவில் படத்தை ஒட்டாதீர்கள், சரிபார்க்கும் லிங்க்கைக் கொடுங்கள். அதைத் தட்டினால் யார் வழங்கியது, எதற்காக, எப்போது காலாவதி என்று தெரிய வேண்டும். படத்தை எவரும் காப்பியடிக்கலாம்.

கே: டிஜிலாக்கர் மார்க் ஷீட்டில் கையெழுத்து இடத்தில் கேள்விக்குறி வருகிறது. போலியா?
– வாசகி, குன்னூர்

ப: அதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. டிஜிட்டல் கையெழுத்துகளுக்குப் பொறுப்பான இந்தியாவின் சி.சி.ஏ. அமைப்பின் மூலச் சான்றை உங்கள் பி.டி.எஃப். மென்பொருள் இன்னும் நம்பவில்லை, அவ்வளவே. கம்ப்யூட்டரில் அடோபி ரீடரில் திறந்து, கையெழுத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, கையெழுத்திட்டவர் சான்றுக்குப் போய், 'டிரஸ்ட்' பகுதியில் அந்த சி.சி.ஏ. சான்றை நம்பகப் பட்டியலில் சேர்த்தால் பச்சை டிக் வரும். ஒன்று கவனியுங்கள்: டிஜிலாக்கரின் 'இஷ்யூட்' பகுதியில், வழங்கிய அமைப்பிடமிருந்தே நேரடியாக வந்த ஆவணத்துக்குத்தான் அசலுக்குச் சமமான மதிப்பு. நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியதற்கு அது கிடையாது.